மார்கழியில் பாத்ரூம் சீலிங்கைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பது நம் வழக்கம். மார்கழி பிறந்ததும் பெயின்டர்களுக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. ஹாலும் படுக்கையறையும் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் அரை டப்பாவைக் காட்டி, ‘அப்படியே பாத்ரூம் சீலிங்கிலும் ஒரு கோட் இழுத்துவிடுங்க’ என்பார்கள். புள்ளி புள்ளியாய்ப் பூசணம் பிடித்துக் கறுத்திருந்த சீலிங் பொங்கலன்று பளிச்சென்று இருக்கும். மாசி முடிவதற்குள் அதே இடத்தில் அதே புள்ளிகள் எட்டிப் பார்க்கும். ஆடிக்குள் பெயின்ட் பட்டியோடு சேர்ந்து உரிந்து பக்கெட்டில் விழும். பெயின்டரையும் கம்பெனியையும் திட்டிவிட்டு அடுத்த மார்கழியில் மறுபடியும் அதே வேலை.

பெயின்ட் மேல் தப்பில்லை. அடித்த மாதம்தான் தப்பு. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சுவரும் தளமும் ஓதம் ஏறி ஊறிக் கிடப்பது மார்கழியில்தான். அதே மாதத்தில்தான் காலைக் குளிருக்குக் கீசரைப் போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கிறோம். ஈரத்தளத்தின் மேல் பெயின்டைப் பூசினால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும். ஊசியால் குத்தினால் சொட்டுத் தண்ணீர் வரும். ஆகவே மற்ற அறைகளைப் பொங்கலுக்கு அடியுங்கள். பாத்ரூம் சீலிங்கைப் பங்குனி, சித்திரைக்கு ஒத்திப்போடுங்கள். நடுவில் கிடைக்கும் மூன்று மாதமும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு.

பூசணத்தின் விதை காற்றில் எப்போதும் இருக்கிறது. அதை ஒழிக்க யாராலும் முடியாது. அதற்கு வேண்டிய ஈரத்தைத்தான் நிறுத்த முடியும். பாத்ரூம் சீலிங்குக்கு ஈரம் இரண்டு வழியில் வரும். ஒன்று, கீழேயிருந்து எழும் நீராவி குளிர்ந்த தளத்தில் பட்டு வியர்ப்பது. இன்னொன்று, மேலேயிருந்து இறங்கும் கசிவு. வியர்வையால் வந்த பூசணம் மிளகைத் தூவியதுபோல் சீலிங் முழுக்கப் பரவியிருக்கும். ஷவருக்கு நேர் மேலேயும், காற்று எட்டாத மூலைகளிலும் அடர்த்தியாக இருக்கும். கசிவு அப்படியல்ல. ஓரிடத்தில், பெரும்பாலும் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, பழுப்பு விளிம்போடு தேநீர்க் கறைபோல் வட்டம் போடும். வெள்ளையாய் உப்புப் பூக்கும். தொட்டால் மாவாய் உதிரும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் ஒரு பாலித்தீன் தாள் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனத்த தாளை, சீலிங்கைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். வழக்கம்போல் குளியுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் தளத்துக்கும் நடுவில் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால் தளத்திலிருந்து ஈரம் வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது உங்கள் வெந்நீரின் ஆவி. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு வேலையும் இருக்கிறது என்று அர்த்தம். டேப் ஒட்டவே மாட்டேன் என்று கழன்று விழுந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கசிவு என்று தெரிந்துவிட்டால் மேல் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு பென்சிலை எடுத்து, கறையின் விளிம்பில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். வாக்குவாதத்தில் ‘ரொம்ப நாளா ஒழுகுது’ என்பதைவிட நான்கு தேதி போட்ட நான்கு கோடுகளுக்கு மதிப்பு அதிகம். கறை குளியல் நேரத்துக்குப் பிறகு மட்டும் ஈரமாகிறதா, இரவு பகல் பாராமல் ஈரமாகவே இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஈரம் என்றால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். மேல் வீட்டில் அந்த பாத்ரூமுக்கான வால்வை ஓர் இரவு முழுக்க மூடிவைத்தால் வித்தியாசம் தெரியும். குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுநீர் வழி: நானி ட்ராப்பும் (தரைத் தண்ணீர் இறங்கும் துளையில் பதித்த கிண்ணம்) தளமும் சேரும் இடம், டைல்ஸ் இடுக்கு, கமோடின் இணைப்பு. கடைசி மாடியில் மழைக்கு மட்டும் கசிந்தால் மொட்டை மாடி.

கழிவுநீர் வழியைச் சோதிக்க, மேல் பாத்ரூமின் நானி ட்ராப்பைத் துணிப்பந்தும் பிளம்பரின் அடைப்புப் பசையும் வைத்து அடைத்து, ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் ஆவியாகும். அதற்கு மேல் இறங்கினால் தரை குடிக்கிறது. மட்டம் இறங்காமல், அடைப்பை எடுத்து விட்டதும் கீழே சொட்டினால் ட்ராப்பிலோ அதன் கீழ்க் குழாயிலோ ஓட்டை. கீழே உடனே சொட்டவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளத்தை முக்கால் அடி, ஓர் அடி இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் செங்கல் துண்டும் உடைசலும் போட்டு நிரப்பியிருப்பார்கள். ‘சங்கன்’ என்று கட்டட வேலையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். அது ஒரு பஞ்சு. ஒழுகும் நீரை முதலில் அது குடித்து, பிறகு வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாய் விடும். சோதனைக்கு நிறம் கலந்தாலும் கீழே வந்துசேர இரண்டு மூன்று நாளாகலாம், உடைசலில் வடிகட்டப்பட்டு நிறமே இல்லாமலும் வரலாம். ஓட்டையை அடைத்த பிறகும் கீழ் வீட்டில் ஈரம் தொடர்வதற்கும் இதுதான் காரணம். வேலை சரியாக நடந்திருந்தாலும் ‘சரியா செய்யலை’ என்று சண்டை வருவது இங்கேதான். அப்போது பென்சில் கோட்டைப் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டாமல் உள்வாங்கிக்கொண்டே வந்தால் பள்ளம் வடிகிறது; காத்திருக்கலாம்.

கீழிருந்து துளை போட்டு ரசாயனம் ஏற்றி ஒழுகலை நிறுத்துகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். சில நாள் நிற்கும். மேலே ஓட்டை அப்படியே இருப்பதால் நீர் நகர்ந்து பக்கத்து அறையில் தலைகாட்டும். மேல் வீட்டில் டைல்ஸைப் பெயர்த்து, ட்ராப்பை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கும் ஷவர் பக்கம் ஆறடிக்கும் ஏற்றி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதுதான் நிவாரணம். புதிய குடியிருப்பாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்துதர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆறாவது ஆண்டு தேடாமல், கோடு போட்ட படங்களோடு எழுத்தில் கொடுங்கள்.

பூசணத்தைவிடக் கவலைப்பட வேண்டியது கம்பி. பல நாள் ஊறிய தளத்தில் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அடியிலிருக்கும் 15, 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். ஆகவே சுரண்டும் முன் சிறு சுத்தியலால் சீலிங் முழுக்க, அரையடிக்கு ஒரு தட்டு வீதம், தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் கெட்டி. ‘டொக்’ என்று உள்ளே வெற்றிடம்போல் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. நேர்க்கோட்டில் வெடிப்பு ஓடி அதன் வழியே செம்பழுப்பு நீர் இறங்கியிருந்தால் அது கம்பியின் கோடு. அந்த இடத்தில் வெள்ளை சிமென்டை அப்பி மறைக்கும் பெயின்டரை அன்றே அனுப்பிவிடலாம்.

விட்டுப்போன கான்கிரீட்டை உளியால் எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் தோண்ட வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கத் துரு தொடர்ந்து தள்ளும். இரண்டு ஆண்டில் ஒட்டு பெயர்ந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்த பிறகு விட்டத்தை அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகியிருந்தால் ‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று தோன்றும். குறுக்குவெட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இரும்பு போயிருக்கிறது. அந்த நிலையில் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் கொத்தனாரை மட்டும் வைத்து மூடக் கூடாது. கீழே முட்டுக் கொடுத்து, கூடுதல் கம்பி சேர்க்க வேண்டியிருக்கலாம். தேய்மானம் சொற்பம் என்றால் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், பிறகு பாலிமர் சாந்து. ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்), ஒரு கிலோ சிமென்டுக்கு ஏறக்குறைய 200 மில்லி லேடெக்ஸ் (சாந்தில் கலக்கும் பாலிமர் திரவம்), குறைந்த தண்ணீர். முதலில் லேடெக்ஸ் கலந்த சிமென்ட் பாலைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் சாந்தை அழுத்த வேண்டும். பால் காய்ந்துபோனால் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். ஒரே மூச்சில் ஓர் அங்குலம் ஏற்றினால் தன் கனத்துக்கே தொங்கி விழும். 6 முதல் 8 மில்லிமீட்டர் வீதம் படிப்படியாக ஏற்றுங்கள். பாலிமர் சாந்தை ஒரு நாள் ஈரமாக வைத்து, பிறகு காற்றில் உலர விட்டால் போதும். சாதா சாந்துபோல் ஏழு நாள் நீர் தெளித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனிப் பூசணத்துக்கு வருவோம். காய்ந்த சுவரைச் சுரண்டக் கூடாது. செத்த பூசணமும் தூளாய்ப் பறந்து மூச்சில் போனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. மின்சாரத்தை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றி நனைத்துவிட்டுப் பழைய டிஸ்டெம்பரையும் உரிந்த பட்டியையும் கெட்டிப் பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுங்கள். என்-95 முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை மூன்றும் வேண்டும். தலைக்கு மேல் செய்யும் வேலையில் சொட்டுவது நேராகக் கண்ணில்தான் விழும். உப்புப் பூத்த இடத்தில் மட்டும் தண்ணீர் விடாதீர்கள். உப்பு கரைந்து பூச்சுக்குள்ளேயே திரும்பிப் போய் மறுபடி பூக்கும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, தாளில் ஏந்தி எடுங்கள்.

அழுக்கு போன பிறகுதான் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் புதிய பிளீச்சிங் பவுடர் 50 கிராம் கலக்கி, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஸ்பாஞ்சால் தடவி 20 நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். பிறகு சுத்தத் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்தெடுங்கள். பூச்சிவிரட்டி ஸ்ப்ரேபோல் பீய்ச்சாதீர்கள். கறுப்பு வெளுத்ததும் பூசணம் ஒழிந்தது என்று எண்ணவும் வேண்டாம். குளோரின் மேல் தோலோடு நின்றுவிடும். அதிலுள்ள தண்ணீர் மட்டும் பூச்சுக்குள் இறங்கி வேருக்கு உதவும். சுரண்டுவதைத் தவிர்த்துவிட்டுப் பிளீச்சிங் மட்டும் அடித்த சீலிங் ஒரு மாதத்தில் பழையபடி கறுப்பது இதனால்தான். பெயின்ட் கடையில் கிடைக்கும் பூசணக்கொல்லிக் கழுவுநீர் இதைவிட மேல். டப்பாவில் சொன்ன அளவிலும் நேரத்திலும் போடுங்கள்.

இந்த வேலை நடக்கும்போது டாய்லெட் கழுவும் அமிலத்தை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சீலிங்கிலிருந்து சொட்டிய பிளீச்சிங் நீர் தரையிலோ கமோடிலோ அதனோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஐந்துக்கு எட்டு அடி அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். என்-95 இதைத் தடுக்காது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கழுவிய பிறகு விசிறி போட்டுப் பல நாள் காய விடுங்கள். பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டி, தளப் பக்கம் நீர் கோக்கவில்லை என்றால்தான் அடுத்த வேலை. புதிய சாதா சிமென்ட் பூச்சு என்றால் ஒரு மாதம் காத்திருங்கள். அதன் காரத்தன்மை தணியும் முன் எனாமல் போன்ற எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் எண்ணெய் சோப்பாகிப் பிசுபிசுத்து உரியும். ‘பாத்ரூமுக்கு எனாமல்தான் நல்லது, துடைக்கலாம்’ என்று சொல்லும் பெயின்டர் மரக்கதவை நினைத்துக்கொண்டு சொல்கிறார்.

பட்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஹாலுக்கு அழகு. பாத்ரூமில் ஈரம் குடித்து இளகி விழும். வெள்ளை சிமென்ட் பட்டிதான் வேண்டும். பூச்சை லேசாக ஈரப்படுத்தி, பட்டியில் எடைக்கு 35 முதல் 40 சதவீதம் தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு மெல்லிய கோட் இழுங்கள். மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிக்கும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் தண்ணீர் விட்டுக் கிளறி மீண்டும் பூசும் பழக்கத்தால்தான் பட்டி மாவாய் உதிர்கிறது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் ஒரு கோட். பழுப்புக் கறை இருந்த இடத்தில் தண்ணீர் பிரைமர் அடித்தால் கறை ஊறி மேலே வரும். அங்கு மட்டும், தளம் முழுக்கக் காய்ந்த பிறகு, கறையை அடைக்கும் சால்வென்ட் பிரைமர். அதன் மேல் பூசணத்தடுப்பு சேர்ந்த வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேரம். 40 சதுர அடி சீலிங்குக்கு ஐந்து கிலோ பட்டி, அரை லிட்டர் பிரைமர், ஒரு லிட்டர் எமல்ஷன் தாராளம். டிஸ்டெம்பர் சுண்ணத்தூளும் கொஞ்சம் பசையும்தான், பூசணத்துக்கு விருந்து. டப்பாவில் போட்டதற்கு மேல் தண்ணீர் விட்டு நீட்டினாலும் அதே கதிதான். கடைசிக் கோட்டுக்குப் பிறகு இரண்டு நாளாவது அந்த பாத்ரூமில் வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

செலவில்லாத பழைய வழியும் உண்டு. எமல்ஷன் படாத வெறும் சிமென்ட் பூச்சாக இருந்தால் சுண்ணாம்பு அடிக்கலாம். ஒரு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கில் நீற்றி, ஒரு நாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, மெல்லிசாக மூன்று கோட். அதன் காரம் பி.எச். 12-க்கு மேல், பூசணம் அண்டாது, தளமும் மூச்சுவிடும். காற்றுப்பட்டுக் காரம் குறைந்துகொண்டே போகும், ஆகவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஒட்டுவதற்குப் பசை சேர்க்காதீர்கள், அது பூசணத்துக்குத் தீனி. தொட்டால் கையில் ஒட்டும் என்பதுதான் குறை; சீலிங்கை யார் தொடப்போகிறார்கள்?

அண்மைக்காலமாக எல்லோரும் பி.வி.சி. பலகை ஃபால்ஸ் சீலிங்கைத் தீர்வாக விற்கிறார்கள். ஒழுகும் தளத்தின் கீழ் அதைப் பொருத்தினால் பூசணம் இருட்டில் நிம்மதியாக வளரும், கம்பி துருப்பிடிப்பது கான்கிரீட் துண்டு பலகையில் விழும்வரை தெரியாது. ஜிப்சம் பலகையாக இருந்தால் அதன் காகித உறையே பூசணத்துக்கு உணவு. போட்டே ஆக வேண்டும் என்றால் கழற்றி மாட்டக்கூடிய சட்டப் பலகையாகப் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

வியர்வையால் வந்த பூசணத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் பாதி வைத்தியம். ஐந்துக்கு எட்டடி, ஒன்பதடி உயர அறையில் 360 கன அடி காற்று. மணிக்கு எட்டுத் தரம் மாற நிமிடத்துக்கு 48 கன அடி. ஆறங்குல ஃபேனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனாலும் பல வீடுகளில் ஃபேன் சுற்றுகிறது, ஆவி போவதில்லை. காரணம் கதவு. ஆறங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம். அந்த அளவுக்குக் காற்று உள்ளே வர இரண்டரை அடிக் கதவின் அடியில் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி வேண்டும். நாமோ தண்ணீர் வெளியே வரக் கூடாது என்று ரப்பர் பட்டை ஒட்டி அடைத்து வைத்திருக்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு, இந்த நாளிதழில் உள்ளங்கை அகலத் துண்டு கிழித்து ஃபேன் வாயில் பிடித்துப் பாருங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் பட்டையை எடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் லூவர் (காற்றுப் போகும் சாய்வுத் தட்டி) வையுங்கள். வெந்நீரைத் திறக்கும் முன்பே ஃபேனைப் போட்டு, குளித்து முடித்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். இறக்கையில் படியும் பிசுக்கையும், டக்ட் பக்கம் ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்கும் மூடியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோப்புத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுபார்ப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.